ஐப்பசிக்கு ஒரு துணி: ஏற்காட்டு இலை அச்சும் மழைக்கணக்கும்

[காட்சி: ஏற்காடு காப்பித் தோட்டம், தூறல்]

இலையுதிர்காலக் கைவேலை என்று தேடினால் சிவப்பு மேப்பிள் இலைகளாக வந்து நிற்கும். சேர்வராயன் மலைக்கு அது ஒத்துவராது. அடிவாரக் காடுகளில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் கொட்டுவது மழை. அதனால் நம் பருவத்துக்கே ஒரு துணி செய்வோம்: முதலில் அதில் இலை அச்சு, பிறகு அதன்மேல் நாளுக்கொரு வரியாக மழைக்கணக்குத் தையல்.

[காட்சி: சில்வர் ஓக் இலை, அடிப்பக்கம்]

காப்பிக்கு நிழல் தர வைத்த சில்வர் ஓக், மிளகுக் கொடியைச் சுமந்துகொண்டு ஏற்காடு முழுக்க நிற்கிறது. பெயரில்தான் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். கீழே கிடக்கும் இலைகளைப் பொறுக்குங்கள், பறிக்க வேண்டாம்.

துணிக்குப் பழைய பருத்தி வேட்டிதான் நல்லது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், சாயம் ஏறாது. 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த்தூள். எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் உலர்த்துங்கள்.

[காட்சி: மண்பானையில் துருப்பிடித்த ஆணிகள்]

அடுத்தது இரும்புத் தண்ணீர். துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர் மூன்றையும் பானையில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுங்கள். இரும்புத்தாது உள்ள கஞ்சமலையும் உருக்காலையும் இருக்கிற சேலத்தில் ஆணிக்கா பஞ்சம்! துணியில் கையால் படம் எழுதும் கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு எழுதுவதும் இப்படிப் புளித்த தண்ணீரில்தான். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேரும் இடத்தில் துணி கறுக்கும்.

இலையை அதில் நனைத்து, நரம்புப் பக்கம் துணியில் படும்படி பரப்பி, ஒரு குழாயில் இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகட்டும். அப்புறம் மறுநாள் வரை பிரிக்கக் கூடாது. கை பரபரக்கும்தான்.

[காட்சி: அச்சு விழுந்த துணி, ஊசி, மூன்று நூல்கள்]

இனிதான் முக்கியமான வேலை. ஐப்பசி 1 முதல் கார்த்திகை கடைசி வரை, நாளுக்கு ஒரு வரி நூலோட்டம். மழை நாளுக்கு நீலம், மூடுபனிக்கு வெள்ளை, வெயிலுக்கு மஞ்சள். ஆயுத பூஜைக்குத் தறிக்கும் வண்டிக்கும் போட்ட செண்டுமல்லி மாலை வாடியதும் தூக்கிப் போடாதீர்கள். படிகாரத்தில் ஊறிய பருத்தி நூலை அந்தப் பூச்சாற்றில் கொதிக்கவைத்தால் மஞ்சள் நூல் தயார்.

தைக்கும்போது அன்றைய நாள் தானாகவே மனதில் ஒருமுறை ஓடும்: யாரிடம் சிடுசிடுத்தோம், எதைத் தள்ளிப்போட்டோம் என்று. இதைத் தியானம் என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பெரிய வார்த்தை. போனைத் தொடாத பத்து நிமிடம் என்றால் சரியாக இருக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துத் தைக்காதீர்கள். அந்த வரி காலியாகவே இருக்கட்டும், அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான்.

இரண்டு எச்சரிக்கை. இரும்புத் தண்ணீர் மிதமிஞ்சினால் நாளடைவில் துணி நைந்துவிடும். ஆகவே நீர்க்கவே வையுங்கள். ஆவி பிடிக்க எடுத்த இட்லிப் பானையில் அப்புறம் இட்லி கிடையாது. வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.