மணலைக் கிளறும் மீனுக்கு எந்தச் செடி?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரைப் பக்கம் அயிரை மீன் குழம்பு வைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மீனை உயிரோடு வாங்கி வந்து, பால் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டுவைப்பார்கள். தின்ற மண்ணையெல்லாம் அது கக்கிவிடும். அப்படி வாங்கிய அயிரையில் பத்தை மட்டும் ஒருமுறை சட்டிக்குப் போகவிடாமல் எடுத்து, என் மீன் தொட்டியில் விட்டேன். தொட்டியின் அடியில் அப்போது புல்தரை மாதிரி ஒரு செடி போட்டிருந்தேன். ஒவ்வொரு நாற்றாக இடுக்கியில் பிடித்து மூன்று நாள் நட்டது. மறுநாள் காலையில் பாதிக்கு மேல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மண்ணைத் தின்னும் மீன் மண்ணைக் கிளறும் என்பது, எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

அன்று பாகம் பிரித்ததுதான், இன்றுவரை மாற்றவில்லை. தரை மீனுக்கு, கட்டையும் கல்லும் செடிக்கு.

தொட்டியின் அடியில் வாழும் மீன்கள் என்றால் கடைகளில் பெரும்பாலும் கோரிடோரஸ் கிடைக்கும். சுருக்கமாகக் கோரி என்பார்கள், தென் அமெரிக்க மீன். அப்புறம் புழு மாதிரி நெளியும் குலி லோச், ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட கிளவுன் லோச், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன். நம் அயிரையும் லோச் வகைதான். இதன் அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று வரும். 1846இல் இது விவரிக்கப்பட்டபோது, திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்றை வைத்து இட்ட பெயர். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடேறினாலும் இது அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது என்பதற்கு, பெயரே சாட்சி மாதிரி இருக்கிறது!

கோரி சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மீசையால் மணலைத் தடவிக்கொண்டே போகும், ஒரு வாய் மணலை உள்ளே இழுக்கும், தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியே விடும். நாள் முழுக்க இதே வேலை. அடி முழுவதும் செடியை விரித்துவிட்டால், சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்த கதைதான்.

அதனால் செடிக்கு முன்னால் மணலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்று மணல் கிடைப்பதில்லை என்று சிலர் எம்.சாண்ட் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது கருங்கல்லை உடைத்த தூள், ஒவ்வொரு மணிக்கும் முனை உண்டு. வீடு கட்டும்போது சிமெண்ட் பிடிக்க அந்த முனை உதவும். மீசைக்கு அது அரம். கடற்கரை மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கும், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். நன்றாகச் சலித்து, தெளிந்த நீர் வரும்வரை அலசிய மெல்லிய ஆற்று மணல் 2 அங்குலம் போதும்.

இப்போது செடி. ஒன்றே ஒன்று வாங்க வசதி இருந்தால் அனுபியாஸ் வாங்குங்கள். ஆப்பிரிக்கச் செடி, தோல் மாதிரி தடித்த இலை. இரண்டாவது ஜாவா ஃபெர்ன். இரண்டுக்கும் இஞ்சி போலக் கிடையாக ஓடும் ஒரு தண்டு இருக்கும். அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். புதுசாக வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். செடி என்றால் நடவேண்டும் என்று நம் கை பழகியிருக்கிறது. தண்டைக் கட்டையோடோ கல்லோடோ சேர்த்துக் கறுப்புப் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். சில வாரத்தில் வேர் தானே பற்றிக்கொள்ளும். இரண்டுமே மெதுவாக வளரும், விளக்கும் அதிகம் கேட்காது. வெளிச்சம் கூடினால் அனுபியாஸ் இலையில் பாசி படியும். ஜாவா ஃபெர்ன் இலையின் ஓரத்திலேயே குட்டி போடும், கிள்ளி வேறொரு கல்லில் கட்டலாம். மீன் எவ்வளவு கிளறினாலும் இவற்றின் வேருக்கு ஒன்றும் ஆகாது. கட்டையின் அடியில் குலி லோச் ஒளிந்துகொள்ள நிழலும் கிடைக்கும்.

வேரூன்றும் செடி இல்லாமல் மனசு கேட்காது என்பவர்களுக்குக் கிரிப்டோகொரைன். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டி என்ற வகை இலங்கைக்கே உரியது. நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிக் கரையும். பயந்து பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், திரும்பத் துளிர்க்கும். இதை நட்டு, அடியைச் சுற்றி நாலைந்து கூழாங்கல் வைத்து, ஒரு மாதம் கழித்து மீனை விடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் பூச்சில்லாத சின்ன மண்சட்டியில் நட்டு, சட்டியோடு மணலில் இறக்கிவிடலாம். நான் பெரும்பாலும் சட்டிதான். பின்பக்கத்துக்கு வாலிஸ்நேரியா, நீளமான நாடா இலை. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் தானாகவே பக்கக் கன்று விட்டுப் பரவும்.

சக்கர் மீன் விஷயத்தில் மட்டும் நான் கறார். 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று விரலளவில் விற்பார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். அமேசான் ஸ்வார்ட் மாதிரி அகன்ற இலைகளைச் சுரண்டிச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால்தான் இன்று நம் நீர்நிலைகளில் வலைபோடுகிறவர்கள் அதை அள்ளிக் கரையில் கொட்டுகிறார்கள். கிளவுன் லோச்சும் ஓர் அடி வளரும், இலையில் வட்டமாக ஓட்டை போடும் பழக்கமும் உண்டு. அதன் தொட்டிக்கு அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் தாண்டி நான் எதையும் சொல்லமாட்டேன்.

அடியில் வாழும் மீனுக்குக் கண்ணைக் கூசும் வெளிச்சம் பிடிக்காது. மேலே கொஞ்சம் மிதக்கும் செடி விட்டால், பகலிலும் தைரியமாக வெளியே வரும். ஆனால் முழுக்க மூடவிடாதீர்கள். கோரியும் அயிரையும் அவ்வப்போது சரேலென்று மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். குடலிலேயே அந்தக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் செடி என்பதால் வாரம் ஒருமுறை பாதியை அள்ளிப் போடவேண்டிவரும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்குள் நிற்கும் செடியெல்லாம் நீர்ச்செடி ஆகாது. ஒரு கடையில் ஊதா நிற இலையில் மயங்கி ஒன்று வாங்கினேன். மூன்று வாரம் அழகாக இருந்தது, நாலாவது வாரம் நாற்றம். பூந்தொட்டியில் வளரவேண்டிய செடியாம்! நல்ல நீர்ச்செடியை வெளியே எடுத்தால் பெரும்பாலும் துவண்டு கையில் தொங்கும். விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸ் மட்டும் இதற்கு விலக்கு, அது எங்கேயும் விறைப்புதான்.

என் அயிரைகள் இப்போது ஜாவா ஃபெர்ன் கட்டிய கட்டைக்கு முன்னால் உள்ள வெற்று மணலில் இருக்கின்றன. பகலில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. உற்றுப் பார்த்தால் மணலுக்கு மேலே ஜோடி ஜோடியாகக் கண்கள் மட்டும் தெரியும். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் பத்தும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

நன்றி, வணக்கம்.