காயத்துக்குக் காகிதம் எங்கே?

(வீரர் நாளையொட்டி மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கோயில் மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் காட்டில் சண்டை போட்ட அவசரகாலத்தைப் பற்றி யார் பேசினாலும் நம் ஊர்ப் பெயர் வந்துவிடும். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து தொடங்கியது. 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அந்தத் தேதியைத்தான் வீரர் நாள் என்று வைத்திருக்கிறோம். இறந்தவர்களுக்கு மாலை போடுகிறோம், தலை குனிகிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் உயிரோடு திரும்பி, ஒரு கால் இல்லாமலோ காது கேட்காமலோ பக்கத்துத் தாமான் குடியிருப்பில் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு மாதம் என்ன வருகிறது என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைப் பேசலாம்.

நான் பட்டாளத்துக்காரன் இல்லை. தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். சொக்சோ பாரம், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அனுப்பும் பாரம், எழுதிப் பழகிய கை இது. அதனால் உங்களுக்குத் தெரிந்த சொக்சோவிலிருந்தே வருகிறேன்.

வேலை நேரத்தில் ஒருவருக்கு விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். பாரம் 34. அப்புறம் டாக்டர்கள் குழு பார்த்து, உடம்பில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று சொல்லும். 20 விழுக்காடு வரை என்றால் ஒரே தொகையாகக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், மீதி உயிர் உள்ளவரை மாதாமாதம் வரும். குறை எத்தனை இருந்தாலும் வழி தெரிந்த வழி. மரத்திலிருந்து விழுந்தான் என்றால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பார்த்திருப்பார், தோட்ட மருத்துவ உதவியாளர் டிரஸ்ஸர் எழுதியிருப்பார்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு அந்தச் சேவையில் சொக்சோ கிடையாது. அவர்களுக்குத் தனி விதிகள், தனி இலாகா. ஜே.எச்.இ.வி. என்று சொல்வோமே, தற்காப்பு அமைச்சின் கீழ் வரும் முன்னாள் வீரர் நலத்துறை, அதுதான். அங்கேயும் டாக்டர்கள் குழு உண்டு, விழுக்காடு உண்டு. ஆனால் விழுக்காட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இந்தக் காயம் கடமையால் வந்ததா? அதற்கு ஆமாம் என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரையில் பாதிப் பேர் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

யோசித்துப் பாருங்கள். 1968-க்குப் பிறகு மறுபடியும் கம்யூனிஸ்டுகளோடு காட்டில் சண்டை. 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஓயவில்லை. தாய்லாந்து எல்லைக் காட்டில் ஜெரங்காப் சமாரை, அதாவது மறைத்து வைத்த கண்ணிவெடியை, மிதித்துக் கால் போனவர்கள் இருக்கிறார்கள். அவர் விஷயத்தில் சாட்சிக்குக் குறைவில்லை. கூட வந்தவர்கள் பார்த்தார்கள், ஆஸ்பத்திரி பதிவு இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின்னால் நாற்பது கிலோ மூட்டையைச் சுமந்து நடந்தாரே, அவர் முட்டி? பீரங்கி பக்கத்தில் நின்றவர் காது? அது ஒரே நாளில் போகவில்லை. எந்த நாள், எந்த இடம் என்று எழுத முடியாது. சிக் ரிப்போர்ட் போட்டால் தரம் இறக்கிவிடுவார்கள், பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து, தைலம் தேய்த்துக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். வலியை மறைத்ததற்கு அன்றைக்கு ‘நல்ல சிப்பாய்’ என்று பெயர் கிடைத்தது. வயதான பிறகு அதே மறைப்பு அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. ராத்திரி தூக்கத்தில் அலறி எழுபவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் காலத்தில் அதை யார் எழுதி வைத்தார்கள்?

இதற்கு வழியே இல்லையா என்றால், மற்ற நாடுகள் அடிபட்டுக் கற்றிருக்கின்றன. வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்கா காட்டின் மேல் களைக்கொல்லி தெளித்தது. ஏஜென்ட் ஆரஞ்ச். அதில் பாதி நம் பெண்கள் தோட்டத்தில் தெளித்த டூ-ஃபோர்-டி வகை மருந்துதான். (வியட்நாமுக்கு முன்பே, அவசரகாலத்தில், வெள்ளைக்காரன் நம் நாட்டிலும் அந்த வகை மருந்துகளைத் தெளித்துப் பார்த்திருக்கிறான். அது தனிக் கதை.) திரும்பி வந்த சிப்பாய்களுக்குப் பிறகு புற்றுநோய் வந்தது. மருந்தால்தான் வந்தது என்று நிரூபி என்றார்கள். ஒரு தனி மனிதன் அதை எப்படி நிரூபிப்பான்? 1991-இல்தான் சட்டம் வந்தது: வியட்நாமில் இருந்தாயா, பட்டியலில் உள்ள நோய் வந்ததா, சரி, சேவையால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். 2022-இல் இராக், ஆப்கானிஸ்தானில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் அதே முறையை நீட்டினார்கள்.

இந்தியாவில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் எளிமையாகச் சொன்னது. சேர்த்தபோது பரிசோதித்து, நோய் எதையும் குறிக்காமல்தானே எடுத்தாய்? பிறகு நோயாளி என்று வெளியே அனுப்பினால், சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை இராணுவம்தான் நிரூபிக்க வேண்டும். 2023-இல் அங்கே விதிகளை மாற்றினார்கள், முன்னாள் வீரர்கள் எதிர்த்தார்கள். எங்கேயும் சும்மா கிடைக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சாதாரண சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் 21 வருடச் சேவை வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர்கள் நம்மில் நிறைய. பட்டாளத்துக்காரர்களின் சேமநிதியான தாபோங் அங்காத்தான் தென்தெராவில் பிடித்த பணத்தை வாங்கி, வீட்டுக்கு முன்பணம் கட்டி, தங்கச்சி கல்யாணத்தை முடித்து, அத்தோடு சரி. காயத்தையும் கடமையோடு சேர்க்க முடியவில்லை என்றால், அவர் முன்னாள் வீரர் என்ற பெயரோடு வெறும் கையோடு நிற்கிறார். இப்போது பாதுகாவலராக இரவு வேலை பார்ப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். இடது காது சுத்தமாகக் கேட்காது.

அவரைப் போன்றவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஓ.கே.யு. கார்டு, அதாவது ஊனமுற்றோர் அட்டை, எடுப்பது. பட்டாளத்துக்காரன் நான், எனக்கு எதற்கு ஊனமுற்றோர் கார்டு என்று ரோஷப்படாதீர்கள். அதற்குக் காயம் எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கவர்மெண்டு டாக்டர் உறுதி செய்தால் போதும். சமூக நல இலாகாவான ஜே.கே.எம். உதவிக்கு அதுதான் வாசல். தாபோங் அங்காத்தான் தென்தெராவில் இறப்பு, ஊன உதவித் திட்டமும் உண்டு. பணத்தை எடுத்தபோது அதைக் கேட்டீர்களா என்று பழைய கடிதங்களைப் புரட்டிப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கணவர் ஓய்வூதியம் வாங்கியவர் என்றால், அவர் காலமான பிறகு மனைவிக்குத் தொடரும் பங்கு உண்டு. கல்யாணச் சான்றிதழை இப்போதே தேடி வையுங்கள். தாலி கட்டியதோடு விட்டு, பதிவு செய்யாத குடும்பங்கள் தோட்டத்தில் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

சேவையில் இருக்கும் தம்பிகள் யாராவது வந்திருந்தால்: வெளியே வருவதற்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் வாய் திறந்து சொல்லுங்கள். முட்டி, காது, தூக்கம், எல்லாவற்றையும். எழுதச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள்.

அப்புறம், வெளியே மேசையில் ஒரு மனு இருக்கிறது. சேரும்போது நல்ல உடம்பு என்று எடுத்தவர் ஊனத்தோடு வெளியே வந்தால், அது சேவையால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும் என்கிறது. தற்காப்பு அமைச்சுக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகிறது. படித்துப் பார்த்துவிட்டு, ஒப்புதல் என்றால் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.