விழுந்த மாங்காவுக்கு ஆறு ஷில்லிங்

நேயர்களுக்கு வணக்கம். நான் வக்கீலா இருந்து ஓய்வு வாங்கினவன், பழைய வழக்குகளைத் தேடிப் படிக்கிற கிறுக்கு இன்னும் விடல. இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதாங்க, சட்டத்துல என்ன எழுதியிருக்குங்கறதை விட சாட்சிக் கூண்டுல ஏற யாரை விடுறாங்கங்கறதுதான் பெருசு. அடிமை வழக்குகளைப் படிச்சா இது நல்லாவே தெரியும்.

முதல்ல ஒரு மாங்கா கதை. கதைன்னா கதை இல்ல, கோர்ட்ல சொன்ன சாட்சியம். கரீபியன் கடல்ல டோர்டோலான்னு ஒரு குட்டித் தீவு, அப்போ பிரிட்டிஷ்காரங்க கையில, கரும்புத் தோட்டங்கதான் பொழப்பு. அங்க ஆர்தர் ஹாட்ஜ்னு ஒரு முதலாளி, ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவரு, தீவோட கவுன்சில் மெம்பர் வேற. அவர்கிட்ட அடிமையா இருந்தவர் பிராஸ்பர். அந்தப் பேருக்கு செழிச்சு வாழ்றதுன்னு அர்த்தம், வச்ச பேரைப் பாருங்க. 1807ல மாமரத்தைப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க, ஒரே ஒரு மாங்கா கீழ விழுந்துடுச்சு. நம்ம வீட்டுக் கொல்லையில விழறதில்லையா, காத்தடிச்சா விழும், பழுத்தா தானா விழும், நாம பொறுக்கி ஊறுகாய் போடுவோம். ஹாட்ஜ் என்ன பண்ணாரு, ஆறு ஷில்லிங் எடுன்னாரு.

கூலியே இல்லாத ஆள் ஆறு ஷில்லிங்குக்கு எங்க போவாரு? பெரீன் ஜார்ஜஸ்னு ஒரு அம்மா, அவங்க அடிமை இல்ல, சுதந்திரமா இருந்த கறுப்பினப் பெண், அவங்ககிட்ட போய் கடன் கேட்டிருக்காரு. அவங்ககிட்ட இருந்தது மூணு ஷில்லிங். பாதி குறையுது. குப்புறப் படுக்கப்போட்டு நாலு பேரைப் பிடிச்சுக்கச் சொல்லி, மாட்டுவண்டிச் சாட்டையால ஒரு மணி நேரத்துக்கு மேல அடி. மீதி மூணு ஷில்லிங் வரலைன்னா நாளைக்கும் உண்டுன்னு சொல்லி, சொன்னபடியே மறுநாள் மரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. கொஞ்ச நாள்ல பிராஸ்பர் செத்துட்டாரு.

அதே 1807லதான் பிரிட்டிஷ் பார்லிமென்ட் அடிமை வியாபாரத்தைத் தடை பண்ணுச்சு. வியாபாரத்தை மட்டும், கவனிங்க. ஏற்கனவே அடிமையா இருந்தவங்க அடிமையாவேதான் இருந்தாங்க.

கேஸ் எப்போ வந்துச்சு தெரியுமா? 1811ல, நாலு வருஷம் கழிச்சு. அப்போ வெள்ளைக்காரருக்கு எதிரா அடிமை சொல்ற சாட்சி செல்லாது. பிடிச்சுக்கிட்டு நின்ன அந்த நாலு பேரும் கண்ணால பாத்தவங்க, கோர்ட்டைப் பொறுத்தவரை அவங்க ஊமை. பெரீன் அம்மா சுதந்திரமானவங்களா இருந்ததால கூண்டுல ஏற முடிஞ்சுது, தோட்டத்துல மேனேஜரா இருந்த ஒரு வெள்ளைக்காரரும் சாட்சி சொன்னாரு. அந்த மூணு ஷில்லிங் கணக்கு நமக்குத் தெரியறதே அந்த அம்மா வாயாலதான். இன்னொரு தடவை சொல்றேன், கடன் குடுத்தவங்க சுதந்திரமா இருந்ததால தெரிஞ்சுது.

ஹாட்ஜ் பக்கத்து வாதம் என்னன்னா, அடிமை சொத்து, அவனைக் கொல்றது நாயைக் கொல்றதை விடப் பெரிய குத்தமில்லையாம். இதை கோர்ட்ல நின்னு சொல்லியிருக்காங்க. ஜூரி குத்தவாளின்னுட்டு, அதுல பெரும்பாலானவங்க கருணை காட்டுங்கன்னும் கேட்டாங்க. கவர்னர் எலியட் அசையல, நேர்லயே வந்து ராணுவச் சட்டம் போட்டு, மே 8ம் தேதி தூக்குல போட வச்சாரு. இதை வச்சு பிரிட்டிஷ் நீதி ஒசத்தின்னு பேசறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. இப்படி ஒரு தூக்கு ரொம்ப அபூர்வம், அதனாலதான் இன்னும் பேசறோம்.

மாங்காவுலயே நேரம் போயிடுச்சு. அடுத்தது அமெரிக்கா, வட கரோலினா. லிடியாங்கற அடிமைப் பெண்ணை ஜான் மேன் ஒரு வருஷ வாடகைக்கு எடுத்திருந்தாரு. ஆமா, வாடகை சைக்கிள் மாதிரி. சின்னத் தப்புக்கு அடிக்க வந்தாரு, அந்தப் பொண்ணு ஓடுச்சு, நில்லுன்னாரு, நிக்கல, சுட்டுக் காயப்படுத்திட்டாரு. உள்ளூர் ஜூரி குத்தம்னு சொல்லி, அஞ்சு டாலர் அபராதம் விழுந்துச்சு. அதுவும் நிலைக்கல. மேல்முறையீட்டுல நீதிபதி தாமஸ் ரஃபின், எஜமானோட அதிகாரம் முழுசா இருந்தாத்தான் அடிமையோட பணிவு முழுசா இருக்கும்னு எழுதி விடுதலை பண்ணிட்டாரு. இங்க சாட்சிப் பிரச்சனையே இல்ல, சுட்டதை யாரும் மறுக்கல, தீர்ப்பு எழுதினவரும் அடிமைகளை வச்சிருந்தவர். அவர் சிலையை 2020லதான் எடுத்தாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுறாங்க, இன்னும் ஒரு நிமிஷம்தானாம். அதே அமெரிக்காவுல, மிசூரியில சீலியான்னு ஒரு பொண்ணு, பதினாலு வயசு வாக்குல ராபர்ட் நியூசம்ங்கறவர் விலைக்கு வாங்கி, அஞ்சு வருஷம் பலாத்காரம். 1855ல அந்தப் பொண்ணு திருப்பி அடிச்சதுல அவர் செத்துட்டாரு. மானத்தைக் காப்பாத்திக்க எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டுன்னு மாநிலச் சட்டம் இருந்துச்சு, அதை ஜூரிகிட்ட சொல்லுங்கன்னு வக்கீல்கள் கேட்டாங்க, நீதிபதி மாட்டேன்னுட்டாரு. அந்தப் பொண்ணைக் கூண்டுல ஏறிப் பேசவும் விடல. டிசம்பர் 21 அன்னிக்கு தூக்கு. இன்னும் ரெண்டு வழக்கு குறிச்சு வச்சிருந்தேன், நேரமில்லங்க. வணக்கம்.