வேலை இங்கே இருக்கிறது, வீடு மட்டும் ஏன் இங்கே கிடைப்பதில்லை?

வணக்கம். வெளிச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கும். வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன், ஆனால் இதை இன்றைக்கே பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

போன சனிக்கிழமை நானும் கணவரும் ஒரு வீடு பார்க்கப் போனோம். நாங்கள் இருவரும் வேலை பார்க்கிற அதே புறநகரில்தான். ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் என்று நேரம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் போனபோது முந்தைய குடும்பம் இன்னும் உள்ளே இருந்தது, அடுத்த குடும்பம் வாசலில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை. படுக்கையறையில் ஒரு புத்தக அலமாரி, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நின்றது. எனக்கு உறுத்தியது. பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். சுவர் சில்லென்று இருந்தது, பெயின்ட் விரலோடு உரிந்து வந்தது.

தரகரிடம் கேட்டேன். "சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள். கட்டடத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் முடிவெடுப்போம் என்கிறவர்களுக்காக உரிமையாளர் காத்திருக்க மாட்டார்" என்றார். அவர் சொன்ன விலைக்கும் எங்கள் கையிருப்புக்கும் இருந்த தூரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது கணவர் வழியெல்லாம் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நாம் இன்னும் கொஞ்சம் சிக்கனமாக இருந்திருக்கலாமோ?"

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கேமரா முன்னால் உட்கார வைத்திருக்கிறது. ஏனென்றால் இதே கேள்வியை நீங்களும் உங்களையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மாமாவோ சித்தியோ உங்களிடம் கேட்டிருப்பார்கள். அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதோ, கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன்.

ஒரு வீட்டின் விலை, ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல எத்தனை மடங்கு? இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. டெமோகிராஃபியா என்ற ஆண்டறிக்கை உலகத்தின் பல நகரங்களை இப்படித்தான் அளக்கிறது. 3 மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும், 5 மடங்கைத் தாண்டினால் மிகக் கடினம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. சிட்னியும் வான்கூவரும் அண்மை ஆண்டுகளில் 10 மடங்குக்கும் மேலே நிற்கின்றன.

சரி, 3 மடங்கு விலையுள்ள ஒரு வீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏழு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தால் 6 ஆண்டில் சேர்ந்துவிடும். வீடு 10 மடங்கு விலை என்றால்? அதே முன்பணம் இப்போது முழுசாக 2 ஆண்டுச் சம்பளம். அதே வேகத்தில் சேமித்தால் 20 ஆண்டு ஆகும். 25 வயதில் ஆரம்பித்த பிள்ளை 45 வயதில் கடன் வாங்கத் தகுதி பெறும். அதுவும் விலை அசையாமல் நின்றால்தான். விலை ஆண்டுக்கு 5 விழுக்காடும் சம்பளம் 3 விழுக்காடும் ஏறினால், பத்து ஆண்டு கழித்து அந்த வீடு 12 மடங்கு ஆகியிருக்கும். நீங்கள் நடக்கிறீர்கள், ஊர் எல்லை உங்களைவிட வேகமாகத் தள்ளிப் போகிறது.

இதில் ஒருவர் சாயங்காலக் காபியை விடுவதாலோ, போனை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வதாலோ என்ன மாறிவிடும்? சிக்கனம் நல்லதுதான், நானும் சிக்கனமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அதையே காரணமாகச் சொல்லி இளைஞர்களைக் குற்ற உணர்வில் தள்ளுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அப்புறம் வட்டி. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 10,000 கடன், 30 ஆண்டு. வட்டி 3 விழுக்காடாக இருந்தால் மாதத் தவணை சுமார் 42. அதுவே 7 விழுக்காடு ஆனால் 66.50. கடன் அதே கடன், வீடு அதே வீடு, தவணை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த முதல் மாதத் தவணை 66.50இல் 58 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது வெறும் 8. முதல் சில ஆண்டுகள் நாம் வீட்டுக்குக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பெரும்பாலும் வட்டிக்குத்தான் கட்டுகிறோம். முடிந்தவர்கள் இதே கடனை 20 ஆண்டில் முடித்தால் தவணை 77.50 ஆகும், மாதம் 11 கூடுதல், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 23,950இலிருந்து 18,600 ஆகக் குறைகிறது. வங்கியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சரி, விலை ஏன் இப்படி ஏறுகிறது? எனக்கும் ரொம்ப நாள் செங்கல், சிமென்ட், கூலி என்றுதான் எண்ணம். அதெல்லாம் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் ஒரே வரைபடத்தை வைத்து ஒரு சிற்றூரிலும் இந்தப் புறநகரிலும் வீடு கட்டினால், கட்டுமானச் செலவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. விலையைத் தூக்குவது மனை. மனையைத் தூக்குவது, அதில் எத்தனை வீடு கட்டலாம் என்ற அனுமதி. ஒரு மனை, அதில் நான்கு குடும்பம் தாராளமாக வாழலாம், ஆனால் ஒரே ஒரு தனிவீடுதான் கட்டலாம் என்று விதி இருந்தால், அந்த மனையின் முழு விலையும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகிறது. அதோடு மனை இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது, நான்கு பக்கமும் இவ்வளவு இடம் விட வேண்டும், வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் வேண்டும் என்று விதிகள் அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நியாயம் உண்டு. எல்லாம் சேர்ந்து எங்கள் வயசுக்காரர்களை வெளியே நிறுத்துகிறது.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் யூக்ளிட் என்று ஒரு புறநகர். இந்தப் பகுதியில் இன்ன மாதிரிக் கட்டடம்தான் கட்டலாம் என்று அந்த ஊர் போட்ட விதியை 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தனிவீடுகள் இருக்கும் பகுதியில் வருகிற அடுக்குமாடியை அந்தத் தீர்ப்பு 'ஒட்டுண்ணி' என்றே எழுதியிருக்கிறது. நூறு ஆண்டு ஆகிறது. படித்தபோது எனக்கு மனசு கனத்தது. அடுக்குமாடி என்றால் அதற்குள் குடியிருக்கிறவர்கள் என்றுதானே அர்த்தம்?

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பாழடைந்த ஒரு வீட்டை இடித்துவிட்டு ஒன்பது சின்ன வீடுகள் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக்கு. நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலிகள் நிறைந்திருந்தன. என் வயதில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, போக்குவரத்து நெரிசல் என்றார்கள், வெயில் மறையும் என்றார்கள், தெருவில் கார் நிறுத்த இடம் இருக்காது என்றார்கள், ஊரின் தன்மை கெட்டுவிடும் என்றார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு வீட்டில்தான் இருக்கிறது. பக்கத்து மனையில் எது நடந்தாலும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒன்பது வீட்டில் நாளைக்குக் குடியிருக்கப் போகிற ஒன்பது குடும்பம் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் இன்னும் இந்த ஊர்க்காரர்களே இல்லை, அவர்களுக்கு யார் அழைப்பு அனுப்புவார்கள்? அதே நேரத்தில் வேறு எங்கோ வேலையில் இருந்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு பாட்டி எழுந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும், கைத்தடி. காலில் கட்டு. "இந்தக் கட்டை மாற்ற ஒரு பெண் வருகிறாள். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறாள். போன வாரம் பேருந்து வரவில்லை, அவளும் வரவில்லை. என் மகளும் இங்கே வீடு வாங்க முடியாமல்தான் தூரத்தில் இருக்கிறாள். நான் யாருக்காக இந்த ஊரின் தன்மையைக் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. அப்புறம் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

மாற்றவே முடியாது என்று சிலர் கமென்டில் எழுதுகிறீர்கள். மாற்றிய ஊர்கள் இருக்கின்றன. நியூசிலாந்தில் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட விதியைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு வரிசை வீடுகளும் சிறு அடுக்குமாடிகளும் மளமளவென்று எழும்பின. வீடு அங்கே மலிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டுகிற எண்ணிக்கை உண்மையாகவே கூடியது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2018இல் நிறைவேற்றிய திட்டத்தில், தனிவீடு மட்டும்தான் என்ற விதியை எடுத்துவிட்டது. சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி அரசே கட்டியது. இன்று அந்நாட்டு மக்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். 99 ஆண்டுக் குத்தகை என்ற நிபந்தனையோடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது சமூக நில அறக்கட்டளை. மனை அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், வீட்டை மட்டும் நீங்கள் வாங்குவீர்கள். மனை விலை கழிவதால் நமக்கு எட்டும். விற்கும்போது ஏறிய விலையில் ஒரு பகுதிதான் உங்களுக்கு, மீதி வீட்டோடேயே தங்கி, அடுத்து வருகிற குடும்பத்துக்கும் விலை எட்டுகிறபடி வைத்திருக்கும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 1984இலிருந்து இது நடக்கிறது. இதில் பெரிய லாபம் பார்க்க முடியாதுதான். நிம்மதியாகப் படுத்துத் தூங்க ஒரு இடம் கிடைக்கும்.

வாங்குகிறவர்களுக்கு அரசு பணம் கொடுத்தால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வீடுகளின் எண்ணிக்கை கூடாத இடத்தில் பணத்தை மட்டும் கொடுத்தால் எல்லாரும் அதே வீட்டுக்கு இன்னும் கூடுதல் விலை சொல்வார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2013இலிருந்து 2023 வரை ஹெல்ப் டு பை என்று, வீடு வாங்குகிறவர்களுக்கு அரசு உதவும் ஒரு திட்டம் இருந்தது. உதவி மிகவும் தேவைப்பட்ட பகுதிகளிலேயே அது விலையை ஏற்றிவிட்டது என்று அந்நாட்டு மேலவைக் குழு ஒன்று 2022இல் சொன்னது.

வீடு தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு மூன்று விஷயம். தூரமாகப் போனால் விலை குறைவு என்று போகிறவர்கள், பயணச் செலவையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள். இன்னொரு வண்டி வாங்க வேண்டி வந்தால், மிச்சம் என்று நினைத்தது அதிலேயே போய்விடும். சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் தவணைக்கு வெளியே வரும். அண்ணன் தம்பியோ தோழியோ சேர்ந்து வாங்குவதானால், நாளைக்கு ஒருவர் விலக நினைத்தால் என்ன விலைக்கு, யாருக்கு என்று இன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாசம் இருக்கும்போதே எழுதுவதுதான் சுலபம். அவசரத்துக்கு என்று ஆறு மாதச் செலவைத் தொடாமல் வையுங்கள். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கட்டடப் பரிசோதனை இல்லாமல் வாங்காதீர்கள். அந்த ஈரச் சுவர் இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. அந்த வீட்டை நாங்கள் கேட்கவில்லை. இரண்டே நாளில் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பரிசோதிக்காமல்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது கவலையாக இருக்கிறது.

அந்த ஒன்பது வீட்டுக்கான அடுத்த கூட்டம் இன்னும் மூன்று வாரத்தில். மறுபடியும் வேலைநாள், மறுபடியும் காலை 11 மணி. மாலையில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. விடுப்புச் சொல்லிவிட்டேன். பேசுகிறவர்கள் பட்டியலில் இந்தத் தடவை என் பெயரும் இருக்கிறது. கணவரும் வருகிறேன் என்றார். உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு அறிவிப்பு உள்ளாட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும், ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் என்ன சொல்லலாம் என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் எதை முதலில் சொல்வீர்கள் என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். கூட்டம் முடிந்ததும் வந்து பேசுகிறேன்.