1945-இன் ரன்னுக்கு மதிப்பு உண்டா? – ஒரு நேயர் சந்தேகமும் என் பதிலும்

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க பேஸ்பால் பற்றிய என் பேச்சுக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு நேயர் கேட்கிறார்: "சார், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் 1945-இல் எடுத்த ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் என்ன மதிப்பு? பதிவேட்டில் பக்கத்தில், இது சந்தேகத்துக்குரியது என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடலாமே?" பேஸ்பாலில் விக்கெட் கிடையாது ஐயா, ஆனால் கேள்வி அருமையான கேள்வி.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், பேஸ்பால் ஆணையர் லாண்டிஸுக்குக் கடிதம் எழுதினார். ஆட்டம் நடக்கட்டும், ஆனால் ராணுவ வயதில் இருப்பவர்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்பது அதன் சாரம். 1945 வந்தபோது, அந்தக் காலத்துப் பெரிய பேட்டர்களில் டெட் வில்லியம்ஸ் இல்லை, ஜோ டிமாஜியோ இல்லை, ஸ்டான் மியூசியல் இல்லை. பந்தெறிவதில் பெயர் பெற்ற பாப் ஃபெல்லர் கடற்படையிலிருந்து திரும்பியதே ஆகஸ்டில்தான். சிறந்தவர்கள் மட்டும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தையே அந்த ஆண்டு ரத்து செய்துவிட்டார்கள்.

இப்போது பதில். நான் சொல்லிச் சொல்லி உங்களுக்குப் பாடமாகியிருக்கும்: போர்க்கால ஆண்டை எடை போட வேண்டுமா, 1946-ஐப் பாருங்கள். எல்லாரும் திரும்பி வந்தபிறகு அந்த ஆள் என்ன செய்தான் என்று பாருங்கள்.

டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பிட்சர் (பந்தெறிபவர்) ஹால் நியூஹவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறு என்று ராணுவம் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள். 1944-இல் 29 வெற்றி. 1945-இல் 25 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு இவர் கணக்கில் ஏறிய ரன் சராசரியாக 1.81தான். இரண்டு ஆண்டும், இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்குத்தான். பிட்சர் ஒருவர் அதை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியது அது ஒன்றுதான். இன்றுவரை வேறு யாரும் இல்லை. ஆனால் "போர்க்கால பிட்சர்" என்று முத்திரை குத்திவிட்டார்கள். சரி, 1946 வந்தது. வில்லியம்ஸ் வந்தார், டிமாஜியோ வந்தார். நியூஹவுசர் என்ன செய்தார்? 26 வெற்றி, சராசரி 1.94, அதிலும் 275 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவிடாமலே வெளியேற்றினார். முந்தைய ஆண்டில் 212தான். இதற்கு மேல் என்ன நிரூபிக்க வேண்டும்? அப்படியும் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுக்க 1992 வரை இழுத்தடித்தார்கள். அந்த முத்திரை அவ்வளவு ஒட்டிக்கொண்டது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. யாங்கீஸின் ஸ்னஃபி ஸ்டெர்ன்வைஸ். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பேஸ்பால் பேட்டிங் சராசரி நம் கிரிக்கெட் சராசரி மாதிரி இல்லை. பேட் செய்த முறைகளில் எத்தனை முறை ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது) என்பதுதான் கணக்கு. 0.300 வந்தால் நல்ல பேட்டர். 1945-இல் அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்த ஸ்டெர்ன்வைஸின் சராசரி 0.309. முதலிடத்துக்கு இது மிகக் குறைவு. அதுவும் எப்படிக் கிடைத்தது? சிகாகோ வைட் சாக்ஸின் டோனி குச்சினெல்லோ, 37 வயது, 402 முறையில் 124 ஹிட். ஸ்டெர்ன்வைஸ் 632-இல் 195. வகுத்துப் பாருங்கள்: 0.30846, 0.30854. நான்காவது தசம இடத்தில்தான் வித்தியாசமே தெரிகிறது! சிகாகோவின் கடைசி ஆட்டங்கள் மழையில் போயின. கடைசி நாளில் ஸ்டெர்ன்வைஸ் மூன்று ஹிட் அடித்தார். அதில் ஒன்றை முதலில் ஃபீல்டரின் பிழை என்று எழுதி, அப்புறம் ஹிட் என்று மாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. குச்சினெல்லோவுக்குக் கிடைத்தது என்ன? அந்தக் குளிர்காலத்தில் அணி அவரை விடுவித்துவிட்டது. ஸ்டெர்ன்வைஸ் 1946-இல் 0.251-க்கு இறங்கினார். அங்கே நட்சத்திரக் குறி கேட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆனால் எல்லாரும் இப்படி இரண்டு பெட்டியில் அடங்கமாட்டார்கள். பாஸ்டன் பிரேவ்ஸின் டாமி ஹோம்ஸைப் பாருங்கள். 1945-இல் சராசரி 0.352, 28 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). 636 முறை பேட் பிடித்து ஸ்ட்ரைக் அவுட் ஆனது வெறும் 9 முறை. ஹோம் ரன்னில் லீகிலேயே முதலிடம், ஆனால் பந்தைத் தவறவிடுவதே இல்லை. இன்றைய ஆட்டக்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தொடர்ந்து 37 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். இன்னொரு பெரிய லீகான, ஹோம்ஸ் ஆடிய நேஷனல் லீகில் அந்தச் சாதனையை 1978-இல்தான் பீட் ரோஸ் முறியடித்தார், அதுவும் ஹோம்ஸ் அரங்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அடுத்த ஆண்டைப் பாருங்கள் என்றேனே? 1946-இல் ஹோம் ரன் 6-க்கு விழுந்தது, சராசரி மட்டும் 0.310-இல் நின்றது. பாதி போர், பாதி மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். "யார் போய்விட்டார்கள்" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். "யாரை உள்ளேயே விடவில்லை" என்று யாரும் கேட்பதில்லை.

1945-இல் ஆளுக்கு எவ்வளவு பஞ்சம் தெரியுமா? செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியில் பீட் கிரே ஆடினார். சிறுவயது விபத்தில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் 77 ஆட்டம். பந்தைப் பிடித்து, கையுறையை மறுபக்கத்துத் தோளடியில் இடுக்கி, பந்தை மட்டும் உருவி எறிவார். முந்தைய ஆண்டு சிறிய லீகில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர், யாரும் இரக்கப்பட்டுச் சேர்த்த ஆள் இல்லை. வாஷிங்டன் அணியில் பெர்ட் ஷெப்பர்ட். ஜெர்மனியில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஒரு காலை இழந்த விமானி. செயற்கைக் காலோடு ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் பந்தெறிந்து ஒரே ஒரு ரன் கொடுத்தார். இருவருக்கும் என் வணக்கம்.

ஆனால் கறுப்பினத்தவரை மட்டும் அப்போது பெரிய லீகுகளில் சேர்ப்பதே இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில், பாஸ்டன் நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் நெருக்கடியால், ரெட் சாக்ஸ் அணி மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு வரவழைத்துச் சோதித்துப் பார்த்தது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். ராபின்சன் ராணுவ லெப்டினன்டாக இருந்து முந்தைய நவம்பரில்தான் வெளியே வந்தவர். மூவருக்கும் அந்த அணியிடமிருந்து அழைப்பே வரவில்லை. ஜெத்ரோ திரும்பிப் போய், அந்த சீசனில், கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ அமெரிக்கன் லீகின் பேட்டிங்கில் முதலிடம் பிடித்தார். அவருடைய கிளீவ்லாண்ட் பக்கைஸ் அணி, பெரும் பேட்டர் ஜோஷ் கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸை நீக்ரோ உலகத் தொடரில் நான்கு ஆட்டத்துக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது.

ஆகவே அந்த நேயருக்கு என் பதில்: சிறந்தவர்கள் களத்தில் இல்லை என்பதற்காக 1945-க்குக் குறி போட வேண்டும் என்றால், ராபின்சன் 1947-இல் உள்ளே வருவதற்கு முந்தைய சீசன்களையும் எடுத்து வையுங்கள். ஹோம் ரன் மன்னர் பேப் ரூத்தும் அதில் வருவார். டெட் வில்லியம்ஸ் 1941-இல் எடுத்த 0.406 சராசரியும் வரும். 1945-க்கு மட்டும் குறி என்றால் எனக்கு உடன்பாடில்லை.

ஜெத்ரோ என்ன ஆனார் என்று கீழே கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1950-இல் அதே பாஸ்டன் நகரத்தின் இன்னொரு அணியான பிரேவ்ஸுக்கு வந்து, நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கியது 1959-இல்.