வேலைநாள் இரவுக்கு அண்டை வீட்டு அடுப்பே துணை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலைநாள் இரவுச் சாப்பாட்டுக்குக் கைகொடுப்பது நம் பாரம்பரியச் சமையலா, அண்டை ஆசிய நாடுகளின் எளிய சமையலா என்பதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றியும் வத்தக்குழம்பைப் பற்றியும் பேசியபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. தீபாவளியன்று என் வீட்டிலும் யாரும் ஃபிரைட் ரைஸ் கேட்பதில்லை. நான் பேச வந்திருப்பது செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணியைப் பற்றி.

அந்த ஏழு மணி இங்கே சிங்கப்பூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ரயிலில் நின்றுகொண்டே வந்து, மாணவர் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளையை அழைத்துக்கொண்டு, வீவக அடுக்குமாடி வீட்டுக் கதவைத் திறக்கும்போதே 'அம்மா, பசிக்குது' என்று சின்னவன் ஆரம்பித்துவிடுவான். பெரியவளுக்கு மறுநாள் காலை சொல்வதெழுதுதல். எட்டு மணிக்குள் சாப்பிட்டால்தான் ஒன்பதரைக்குத் தூங்க முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் குழம்பு, ரசம், பொரியல் என்று மூன்று பாத்திரம் ஏற்றி இறக்கி, பிறகு அவற்றைத் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் பிள்ளையோடு உட்கார நேரம் எங்கே மிஞ்சுகிறது?

எதிரணியினர் முதலில் வைத்த குற்றச்சாட்டு, 'புட்டியைத் திறந்து ஊற்றுவது ஒரு சமையலா?' என்பது. நடுவர் அவர்களே, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் வாதமே அந்தப் புட்டிக்குள்தான் இருக்கிறது. சோயா சாஸ் எப்படி உருவாகிறது? சோயா மொச்சையை வேகவைத்து, வறுத்து உடைத்த கோதுமையோடு கலந்து, அதில் ஒருவகைப் பூஞ்சையை வளரவிட்டு, உப்புநீரில் ஊறப்போடுகிறார்கள். நல்ல சோயா சாஸ் அந்தத் தொட்டியில் ஆறு மாதம் வரை, சில வகைகள் அதற்கு மேலும், நொதித்துக்கொண்டே இருக்கும். மிசோ என்னும் ஜப்பானியச் சோயா விழுதும் அப்படித்தான், மாதக்கணக்கு. வியட்நாமிலும் தாய்லாந்திலும் நெத்திலியையும் உப்பையும் அடுக்கி வைத்து மீன் சாஸ் எடுக்க ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருக்கிறார்கள். புரதம் மெல்ல உடைந்து, நாக்குக்கு ருசி தரும் அமிலங்களாக மாறுவதற்கான காலம் அது. 1908இல் டோக்கியோவில் கிக்குனே இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். நம் தக்காளி ரசத்தில் நாம் தேடுவதிலும் அந்தச் சுவை இருக்கிறது. மணிக்கணக்கில் அடுப்பில் நின்று கொண்டுவர வேண்டிய ஆழத்தை, மாதக்கணக்கில் யாரோ பொறுமையாகக் காத்திருந்து புட்டியில் அடைத்துத் தந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையின் பலன்தான் நமக்கு வேலைநாள் இரவில் பதினைந்து நிமிடச் சமையலாகக் கிடைக்கிறது.

இது நமக்குப் புதிய தத்துவமும் இல்லை. தோசை ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று எதிரணித் தம்பி பெருமையாகச் சொன்னார். ஆகும் தம்பி, யார் இல்லை என்றது? முந்தின நாள் ஊறப்போட்டு, அரைத்து, இரவு முழுக்கப் புளிக்க வைத்த மாவு இருந்தால் ஆகும். மாவு தீர்ந்த நாளில்தான் பிரச்சினை. சோயா சாஸ் புட்டி மாதக்கணக்கில் அலமாரியில் காத்திருக்கும். ஒன்று மட்டும் பெற்றோர்களுக்குச் சொல்லவேண்டும்: வாங்கும்போது புட்டிமேல் ஒட்டிய சிட்டையைப் படியுங்கள். அமிலத்தால் புரதத்தை உடைத்துச் சில நாளிலேயே செய்துவிடும் சாஸும் கடையில் உண்டு. இயற்கையாக நொதிக்க வைத்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு, உப்பு. இது நியாயமான கவலை, பிள்ளைகளின் உடம்பு சம்பந்தப்பட்டது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. சரி, நான்கு பேருக்கான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி ஊற்றி, வேறு உப்பே போடாமல் இறக்குங்கள். ஆளுக்கு 225 மில்லிகிராம்தான் வருகிறது. சாஸையும் ஊற்றி உப்பையும் போட்டு, கூடவே சிப்பி சாஸும் சேர்த்தால்தான் கணக்கு எகிறும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம், சாஸ் ஊற்றும் முன்பே அதன் பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். கோதுமை, சோயா, சிப்பி வகைகள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் அதற்கேற்ப விலக்கவேண்டும். இதையெல்லாம் தாய் தகப்பன் கவனிக்கத்தான் வேண்டும்.

எதிரணியில் ஒருவர், 'ஆசியச் சமையல் என்றால் பாக்கெட் நூடுல்ஸ்தானே' என்றார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. உடனடி நூடுல்ஸ் 1958இல் ஜப்பானில் மோமோஃபுக்கு ஆண்டோ கண்டுபிடித்த தொழிற்சாலைப் பொருள். அதை வைத்து ஒரு கண்டத்தின் அடுப்படியையே எடைபோடலாமா? நான் சொல்வது வீட்டில் வெட்டி, வீட்டில் வதக்கும் சாப்பாடு.

வாருங்கள், அந்தச் செவ்வாய்க்கிழமையே சமைப்போம். முந்தின நாள் மிஞ்சிய சோறு குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. அதை வடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வைத்திருக்க வேண்டும், இதில் அலட்சியம் கூடாது. வெளியே கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகி, மணி மணியாக உதிரும். அதனால்தான் ஃபிரைட் ரைஸுக்குச் சூடான சோறு ஆகாது, குழைந்துவிடும். வாணலி நன்றாகக் காய்ந்ததும் மூன்று முட்டையை ஊற்றிக் கிளறி ஒதுக்கி, பூண்டு, பொடியாக வெட்டிய கேரட், பட்டாணி, சோளம், அப்புறம் கையால் உதிர்த்த சோறு. சாஸை வாணலியின் ஓரமாக ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே மணம் ஏறும். கடைசியில் வெள்ளை மிளகுத்தூளும் வெங்காயத்தாளும். பத்து நிமிடம். ஒரே பாத்திரம், ஒரே கரண்டி. மாவுச்சத்து, புரதம், காய்கறி எல்லாம் ஒரே தட்டில்.

கோழி வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீடா? நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, கொஞ்சம் சோள மாவும் சோயா சாஸும் பிசறி வைத்துவிட்டு, காயை வெட்டி முடித்து வதக்குங்கள். மாவு ஈரத்தைப் பிடித்துவைக்கும், கறி பஞ்சு போல இருக்கும். கறி சக்கையாக இருக்கிறது என்று மென்று துப்பும் பிள்ளைகூடச் சாப்பிடும். நான்கு நிமிடம்தான் வேகும், ஏனென்றால் துண்டு அவ்வளவு சிறியது. சீன அடுப்படியின் சூட்சுமமே இதுதான்: கத்திக்கு வேலை அதிகம், தீக்கு வேலை குறைவு.

பல் முளைக்கும் குழந்தைக்கோ காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கோ கன்டோனியச் சீனர் வழியில் முட்டை ஆவியில் வேகட்டும். முட்டையை அடித்து, அதன் அளவில் இருமடங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து, வடிகட்டி, தட்டால் மூடி, சிறு தீயில் பத்து நிமிடம். கரண்டி வைத்தால் தயிர் போல வழுக்கும். வெள்ளிக்கிழமை சைவமா? டௌஃபு இருக்கிறது. சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும், ஜாவா தீவு நமக்குத் தந்த டெம்பே இருக்கிறது, 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று வறுத்தால் சிப்ஸ் கேட்கும் கை அதற்கும் நீளும்.

ரைஸ் குக்கரையும் சொல்லியாக வேண்டும். 1955இல் ஜப்பானில் தொஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கிச் சோற்றுப் பானை அது. அதை வடிவமைத்த யோஷிடாடா மினாமியின் மனைவி ஃபுமிக்கோ, வீட்டு வேலைகளுக்கு நடுவே எத்தனையோ முறை சோறாக்கிப் பார்த்து அளந்து குறித்த கணக்கில்தான் அந்தப் பானை உருவானது. இன்று அதில் அரிசியும், இஞ்சி பூண்டும், நல்லெண்ணெய் பிசறிய கோழித் தொடைத் துண்டுகளும் ஒன்றாகப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால், ஹைனான் கோழிச்சோற்றின் எளிய வீட்டு வடிவம் தானே வெந்துவிடுகிறது. கரண்டி பிடிக்கவே வேண்டாம். அந்த அரைமணி நேரம் மகளின் சொல்வதெழுதுதலுக்கு.

காரத்துக்கு வருகிறேன். நம் குழம்பில் மிளகாய் உள்ளே கரைந்திருக்கிறது, பிறகு பிரித்தெடுக்க முடியாது. அதனால் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு குழம்பு, பிள்ளைக்குப் பருப்புச்சோறு என்று இரண்டு சமையல். பருப்புச்சோறு அருமையான சாப்பாடு, ஆனால் தினமும் இரண்டு சமையல் யாரால் முடியும்? சீன, மலாய் வீட்டு மேசையைப் பாருங்கள். பல நாள் வாணலியில் காரம் இருக்காது. நறுக்கிய சிவப்பு மிளகாய் சோயா சாஸில் ஒரு கிண்ணத்தில், சம்பால் என்னும் மிளகாய் விழுது இன்னொரு கிண்ணத்தில். தாத்தா மூன்று கரண்டி போட்டுக்கொள்வார், பேரன் தொடமாட்டான், இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒரு குடும்பம் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன், நடுவர் அவர்களே.

கடைசியாக, 'இப்படியே போனால் பிள்ளைகளுக்கு நம் ருசி மறந்துவிடும்' என்றார் எதிரணித் தலைவர். ஐயா, உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த மண்ணில் நம் ருசி எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். உணவங்காடியில் நாம் கேட்டு வாங்கும் மீ கோரிங், ஹொக்கியன் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸான மீயை எடுத்து, மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்து இங்கும் மலாயாவிலும் தமிழ் முஸ்லிம்கள் படைத்த உணவு. ஹொக்கியன் மீ, மலாய்ப் பெயர், தமிழ்க் கை. அந்தக் கைக்கு எந்த ருசியும் மறந்துபோகவில்லை. சம்பாலில் வதக்கும் கங்கோங்கை அந்நியக் கீரை என்றார்களே, அது நம் வள்ளைக்கீரைதான். சங்கப் பாட்டிலேயே குளத்தில் படர்ந்து கிடக்கும் கொடி அது.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. பிள்ளைகள் கை வைக்கக்கூடிய சமையல் இது. வியட்நாமியர் வழியில் அரிசித் தாளைத் தண்ணீரில் நனைத்து எடுத்து, வெள்ளரி, கேரட், புதினா, அவித்த இறால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்தால், ஆறு வயதுப் பிள்ளை தானே சுருட்டிக்கொள்ளும். தட்டில் வைத்தால் ஒதுக்கும் அதே கேரட், தன் கையால் சுருட்டியபின் வாய்க்குள் போகிறது. கொதிக்கும் புளிக்குழம்பின் பக்கத்தில் அந்தப் பிள்ளையை நிறுத்த முடியுமா? அடுப்படியைக் கண்டு ஒதுங்கும் அப்பாமார்களும் இதில் துணிந்து இறங்குகிறார்கள். அளவு சுருக்கம், படிகள் குறைவு, ஒருமுறை பார்த்தால் போதும்.

வெளியே வாங்கி வந்துவிடலாமே என்றும் ஒரு குரல் கேட்டது. நம் உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, எனக்கும் பெருமைதான். களைத்த நாளில் வாங்குங்கள். ஆனால் ஐந்து நாளும் பொட்டலம் பிரிக்கும் வீட்டில், எண்ணெயும் உப்பும் எவ்வளவு போகிறது என்பதை நாம் முடிவுசெய்ய முடியாது.

ஆகவே நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது ஞாயிற்றுக்கிழமையை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள், நான் மேல்முறையீடு செய்யமாட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.