‘தோல்’: பாரம் சுமக்கும் ஒரு ஸ்காட்ஸ் வினைச்சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஏர் முனையில் கூடு சிதைந்து வெளியே வந்த ஒரு சுண்டெலியைப் பார்த்து ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் பாடிய பாட்டிலிருந்து தொடங்குகிறேன். ‘பட் ஹவுஸ் ஆர் ஹால்ட், டு தோல் த வின்டர்ஸ் ஸ்லீட்டி டிரிபிள்’ என்கிறார். இந்தப் ‘பட்’டை ‘ஆனால்’ என்று படித்தால் அடியே குலைந்துவிடும். ஸ்காட்லாந்தில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியில் இங்கே அதற்குப் பொருள் ‘இன்றி’. வீடின்றி, ஒண்ட இடமின்றி, குளிர்காலத்துப் பனித்தூறலை அந்த எலி ‘தோல்’ செய்தாக வேண்டும், அதாவது தாங்கியாக வேண்டும். இன்றைய பேச்சு அந்த வினையைப் பற்றித்தான்.

தமிழில் எழுதும்போது உடம்புத் தோல் போலத் தெரிகிறது, ஒலி வேறு. நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து, காற்றை விட்டுச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் இது ‘தோலியன்’. கோதிக் ‘துலன்’, பழைய நார்ஸ் ‘தோலா’, லத்தீன் ‘டோலராரே’ எல்லாம் ஒரே வேரின் கிளைகள். அந்த வேரின் பொருள் தூக்குதல், சுமத்தல். சகித்தல் பிறகு வந்தது. நமக்கு இது எளிதில் புரியும். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்று தொடங்கும் குறள் ‘இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்று முடிகிறதே! நம் ‘பொறு’ என்ற சொல்லிலும் பாரமும் பொறுமையும் சேர்ந்தே இருக்கின்றன. இரு சொற்களுக்கும் உறவு கிடையாது, வந்த வழிதான் ஒன்று. ஆகவே ‘தோல்’ என்பதற்குச் ‘சகி’ என்று மட்டும் எழுதுவது போதாது, பாரம் நழுவிவிடும்.

பழைய ஆங்கிலச் சட்டங்களில் இதே வினைக்கு ‘இழத்தல்’ என்றும் பொருள் உண்டு. குற்றம் செய்தவன் தன் கையைத் ‘தோலியன்’ செய்யட்டும் என்றால், கை வெட்டப்படட்டும் என்று அர்த்தம். ஆங்கிலம் பிற்பாடு இந்தச் சொல்லைக் கைவிட்டு, பிரெஞ்சு வழி வந்த ‘சஃபர்’, ‘என்டியூர்’ ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தும் வட இங்கிலாந்தும் விடவில்லை.

ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் இது இன்றும் கலைச்சொல். ‘அசைஸ்’ என்பது அங்கே ஜூரியையும் ஜூரி விசாரணையையும் குறித்த பழஞ்சொல். ஜூரியில் 15 பேர். ஒருவர் ‘அசைஸைத் தோல் செய்துவிட்டார்’ என்றால், விசாரணையைத் தாங்கி முடித்துவிட்டார், அதே குற்றத்துக்காக அவரை மீண்டும் கூண்டில் ஏற்ற முடியாது என்று பொருள். இதைத் தண்டனை அனுபவித்தவர் என்று மொழிபெயர்ப்பது பிழை. விடுதலையானவரும் அசைஸைத் தாங்கியவரே. இங்கே பாரம் என்பது விசாரணைதான்.

2011இல் வந்த சட்டம் இந்த விதியை எழுத்தில் வைத்ததோடு விலக்குகளையும் சேர்த்தது: முதல் விசாரணை முறைகேட்டால் கெட்டிருந்தால், விடுதலையானவர் பின்னர் ஒப்புக்கொண்டால், வலுவான புதிய சான்று கிடைத்தால். 1977இல் எடின்பரோ அருகே நடந்த இரட்டைக் கொலையில், 2007இல் விடுவிக்கப்பட்டவர் இந்தச் சட்டத்தின்படி மறுவிசாரணைக்கு உட்பட்டு 2014இல் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். பல நூற்றாண்டு வழங்கிய ஒரு வினைச்சொல்லின் எல்லை அன்று மாறியது.

பேச்சு வழக்கில் ‘கானா தோல் ஹிம்’ என்றால், அவனைக் கண்டாலே ஆகாது. ‘தோல் அமென்ட்ஸ்’ என்றால், இன்னும் திருத்த இடமிருக்கிறது. ஒரு பொருள் எதைத் தாங்கும் என்ற அளவுக்குச் சொல் விரிந்திருக்கிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். படகில் துடுப்பை நிறுத்தும் முளைக்கும் ‘தோல்’ என்றே பெயர். துடுப்பின் விசையைத் தாங்குவதால் வந்த பெயர் என்று யாராவது விளக்கினால் ஏற்காதீர்கள். அது தனிச் சொல், தனி வேர்.

ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு இந்த வினை அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்கும் போனது. ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை மொழிபெயர்த்த அப்பகுதிக் கவிஞர் ஷேமஸ் ஹீனி, அதன் பதிப்பொன்றின் சொற்பட்டியலில் ‘தோலியன்’ என்பதைப் பார்த்து அது தன் ஊர்ச் சொல்லே என்று கண்டுகொண்டார். எதிர்பாராத சாவு விழுந்த வீட்டைப் பற்றி அவருடைய அத்தை, ‘அவர்கள் தோல் செய்யப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்’ என்பாராம். வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை, கவனியுங்கள். எதைத் தாங்க வேண்டும் என்று அந்த வீட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை.